போகும்போது ஒன்றரை மணி, வரும்போது ஆறரை மணி: சென்னை விமானக் கணக்கு

சென்ற முறை பெரியம்மாவுக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்தபோது, அச்சடித்த தாளைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவால் நான்கு எண்களுக்கு அடியில் கோடு போட்டிருந்தார். போகும் நாள்: கோலாலம்பூரில் புறப்பாடு காலை 9.00, சென்னையில் வருகை 10.30. திரும்பும் நாள்: சென்னையில் புறப்பாடு இரவு 11.30, கோலாலம்பூரில் வருகை மறுநாள் காலை 6.00.

"ஏம்மா, போறப்ப ஒன்றரை மணி நேரந்தான் போட்டிருக்கு. வர்றப்ப ஆறரை மணி நேரமா? சுத்திக்கிட்டு வருதா?"

நல்ல கேள்வி. நம்மில் பலருக்கும் மனதில் இருப்பதுதான், கேட்கத்தான் கூச்சம். இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் தூரம், பறக்கும் நேரம், கடிகாரம் ஆகிய மூன்றும் தனித்தனி விஷயங்கள் என்பது பிடிபட்டுவிடும். டிக்கெட் இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கிறது. குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெரியம்மாவின் ஒன்றரையையும் ஆறரையையும் கூட்டினால் எட்டு. இரண்டால் வகுத்தால் நான்கு. விமானம் உண்மையில் எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த நான்கு மணிதான், போனாலும் வந்தாலும். இனி ஆறரையிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் ஐந்து. அதில் பாதி இரண்டரை. நம் ஊர்க் கடிகாரம் சென்னைக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எந்த நாட்டுக்குப் போவதானாலும் போக வர டிக்கெட் கையில் இருந்தால் இப்படிக் கூட்டிக் கழித்தே இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். போகும் நேரமும் வரும் நேரமும் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்பதால் விடையும் கொஞ்சம் தள்ளி வரலாம், அவ்வளவுதான்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரம். வருகை நேரம் போய்ச் சேரும் ஊரின் நேரம். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். 9.00 என்பது நம் செப்பாங் விமான நிலையச் சுவரில் தொங்கும் கடிகாரம். 10.30 என்பது மீனம்பாக்கத்துக் கடிகாரம். ஒரு கடிகாரத்தில் பார்த்த நேரத்தை இன்னொரு கடிகாரத்தின் நேரத்திலிருந்து கழித்தால் வருவது பயண நேரம் ஆகாது.

சரி, அந்த இரண்டரை மணி நேரம் எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பூமி ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. 360 பாகை, 24 மணி நேரம். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். கோலாலம்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 101.7 பாகையில் இருக்கிறது. சென்னை 80.3 பாகையில். இடையில் 21.4 பாகை. நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 86 நிமிடம். சூரியனை மட்டும் கேட்டால், நமக்கும் சென்னைக்கும் ஒன்றரை மணிக்கும் சற்றுக் குறைவான வித்தியாசம்தான் என்று சொல்லும். ஆனால் கடிகாரம் 150 நிமிடம் காட்டுகிறது. மிச்சம் 64 நிமிடத்தைச் சேர்த்தது மனிதர்கள்.

அதில் பெரும்பங்கு நம்முடையது. மலேசியாவின் நேரம் 120 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தக் கோடு நம் நாட்டிலேயே இல்லை, கிழக்கே பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது. கோலாலம்பூர் அதிலிருந்து 18 பாகைக்கு மேல் மேற்கே இருப்பதால், நம் கடிகாரம் நம் சூரியனைவிட 73 நிமிடம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் காலை ஆறரை மணிக்குப் பள்ளிப் பேருந்து ஏறும் நம் பிள்ளைகள் இருட்டில் நிற்கிறார்கள். உச்சிப் பொழுது பன்னிரண்டு மணிக்கு வராமல் பெரும்பாலும் ஒரு மணி தாண்டி வருவதும் இதனால்தான். இந்தியாவின் நேரம் 82.5 பாகையை வைத்து ஓடுகிறது. சென்னை அதற்கு மிக அருகில் இருப்பதால் அங்கே வித்தியாசம் 9 நிமிடம்தான். 73இல் 9 போனால் 64. கணக்கு நேர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1981 டிசம்பர் 31 வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் இப்போதையதைவிட அரை மணி நேரம் பின்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று அன்றிரவு 11.30க்குக் கடிகாரங்களைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். 1982 அரை மணி நேரம் முந்தியே பிறந்துவிட்டது. அதற்கு முன் நமக்கும் இந்தியாவுக்கும் வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம். "ரெண்டு மணி நேரந்தானே வித்தியாசம்" என்று வீட்டில் வயதானவர்கள் யாராவது சொன்னால், அவர்கள் அந்தக் காலத்துக் கணக்கைச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பெரியம்மா சிறுமியாக இருந்தபோது தன் அப்பாவோடு ரஜூலா கப்பலில் பினாங்கில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கியவர். நாலைந்து நாள் கடல். அப்போது இந்தக் குழப்பமே வந்ததில்லையே என்றார். வராதுதான். நாலைந்து நாளில் போகும் கப்பலில் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். உடம்புக்கும் தெரியாது, மனதுக்கும் தெரியாது. விமானமோ அதே கடலை நாலு மணி நேரத்தில் தாண்டி, இரண்டரை மணி நேரத்தை ஒரே வீச்சில் நம் கையில் கொடுத்துவிடுகிறது.

அடுத்து தூரம்.

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 2,600 கிலோமீட்டர் என்று இருக்கும், இன்னோரிடத்தில் 2,630. வேறொன்றில் 1,634 மைல், விமானத்தின் திரையில் 1,420. எல்லாமே சரி. நகர நடுவிலிருந்து நகர நடுவுக்கு அளந்தால் 2,600. செப்பாங் விமான நிலையம் நகருக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில் தள்ளி இருப்பதால், விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளந்தால் 2,630. 1,420 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கப்பல்காரர்களின் அந்த அளவையே விமானிகளும் பயன்படுத்துகிறார்கள்.

எப்படி அளந்தாலும், பூமி உருண்டை என்பதை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஒரு பெரிய ஈப்போ பம்பளிமாஸ் பழத்தை எடுத்து, அதன் மேல் இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கமாகப் பிடியுங்கள். நூல் தானாக எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அதே வழியைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வில் போல வளைந்து தெரியும். பாதை வளையவில்லை, பழத்தோலை உரித்துத் தட்டையாக்கியதால் வந்த வளைவு அது. கோலாலம்பூரிலிருந்து லண்டன் போகும்போது இந்த வளைவு நன்றாகத் தெரியும். சென்னைக்குப் போகும் வழி பூமத்தியரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வளைவு கொஞ்சம்தான். மலாக்கா நீரிணையின் மேலே வடமேற்காக ஏறி, சுமத்ராவின் வட முனையைத் தாண்டி, நிக்கோபார் தீவுகளின் பக்கமாக வங்காள விரிகுடாவில் நுழைந்து, நேரே சென்னைக் கரை.

ஆனால் விமானம் அந்த நூலின் மேலேயே அச்சுப் பிசகாமல் போவதில்லை. வானத்தில் வழிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகளைக் கோத்த வழிகள். உயரத்துக்கும் விதி உண்டு, ஜன்னலோரம் உட்காருபவர்கள் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விதி. கிழக்குப் பக்கம் போகும் விமானங்கள் 33,000, 35,000, 37,000 என்று ஒற்றைப்படை ஆயிரம் அடிகளில் பறக்கும். மேற்குப் பக்கம் போகிறவை 34,000, 36,000, 38,000 என்று இரட்டைப்படையில். ஒரே வழியில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி எப்போதும் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. சென்னைக்குப் போகும்போது இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால் உயரத்தைப் பாருங்கள், இரட்டைப்படையாக இருக்கும். திரும்பி வரும்போது ஒற்றைப்படை.

இப்போது தூரத்தை நேரமாக மாற்றுவோம். இந்த வழியில் அதிகம் ஓடுபவை ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்கள். முழு உயரத்தில் மணிக்கு 840 கிலோமீட்டர் அளவில் பறப்பவை. 2,630ஐ 840ஆல் வகுத்தால் மூன்று மணி எட்டு நிமிடம். டிக்கெட்டோ நான்கு மணி என்கிறது. அந்த ஐம்பது நிமிடம் எங்கே போனது?

இதைப் புரிந்துகொள்ளப் பினாங்கை எடுத்துக்கொள்வோம். செப்பாங்கிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வானவழியில் 325 கிலோமீட்டர். 840 வேகத்தில் அது 23 நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். சென்னை இதைப்போல எட்டு மடங்கு தூரம், ஆனால் நேரம் நான்கு மடங்குதான். ஆக, எவ்வளவு தூரம் போனாலும் மாறாத ஒரு பகுதி ஒவ்வொரு பயணத்திலும் இருக்கிறது. அது தரையிலும், தரைக்குப் பக்கத்திலும் செலவாகிறது.

விமானத்தின் கதவைச் சாத்தி, நிற்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளும் கணத்தில் கணக்கு ஆரம்பிக்கிறது. அங்கிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை ஆகும் நேரத்தை விமானத் துறையினர் ப்ளாக் டைம் என்பார்கள். தள்ளிய பிறகு ரன்வே வரை உருண்டு போக வேண்டும், செப்பாங் பெரிய நிலையம் என்பதால் அதற்கே பத்து நிமிடம் ஆகலாம். முன்னால் வரிசை இருந்தால் காத்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை எதிர்த்துத்தான் ஏறும், பிறகுதான் சென்னைப் பக்கம் திரும்பும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடு உண்டு. 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர் சொச்சம். முழு உயரத்துக்கு ஏற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்கத் தொடங்குவது ஊருக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்போதே. பினாங்கு விமானம் ஏறி முடிக்கும் முன்பே இறங்கும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் இருக்கைப் பட்டை போடச் சொல்லும் விளக்கு எரிந்துவிடும்.

சென்னையில் இறங்குவதிலும் ஒரு விஷயம். மீனம்பாக்கத்தின் முதன்மை ரன்வே ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் நம் விமானம் கடலிலிருந்து வந்து அப்படியே நேராக இறங்கிவிடலாம். கிழக்கிலிருந்து அடித்தால், வாடைக் காலத்தில் இது சகஜம், காற்றை எதிர்கொள்வதற்காக ஊரைத் தாண்டி மேற்கே போய், திரும்பி, கடலைப் பார்த்தபடி இறங்க வேண்டும். கடற்கரை தெரிந்துவிட்டது, ஊர் வந்துவிட்டது என்று எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். விமானம் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இந்தத் திருப்பத்துக்காகத்தான் போகிறது.

இவை போக, தாமதத்தைச் சமாளிக்க விமான நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூடுதலாகவே வைக்கின்றன. கால் மணி நேரம் தாமதமாகப் புறப்பட்ட விமானம் சொன்ன நேரத்துக்கே போய்ச் சேர்வதற்குப் பல சமயம் இதுதான் காரணம், விமானி விரட்டிக்கொண்டு போனது காரணமில்லை.

இதையெல்லாம் சேர்த்து நான் வைத்திருக்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு. கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். பினாங்குக்கு 54 நிமிடம் வரும். சென்னைக்கு மூன்றே முக்கால் சொச்சம். திருச்சி 2,690 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அதே நேரம். டோக்கியோ 5,400 கிலோமீட்டர், ஏழேகால் மணி. அட்டவணையோடு ஒப்பிட்டால் பத்து இருபது நிமிடத்துக்குள் நிற்கும். பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பாயான் லெப்பாஸிலிருந்து சென்னை 2,365 கிலோமீட்டர்தான், நம்மைவிட 265 கிலோமீட்டர் பக்கம். 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியபோது அவர்களுக்கு மிச்சமானது இந்த இருபது நிமிடம் மட்டுமில்லை, கோலாலம்பூருக்கு வந்து மாறும் அரை நாளும்தான்.

இங்கே பலரும் கேட்கும் ஒரு கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, மேற்கே போகும்போது சென்னை நம்மை நோக்கி வராதா, சீக்கிரம் போய்ச் சேரலாமே? வராது. எல்.ஆர்.டி. ரயில் பெட்டிக்குள் நடந்து பாருங்கள். ரயில் போகும் திசையில் நடந்தாலும் எதிர்த் திசையில் நடந்தாலும் பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதே நேரம்தான். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. விமானம் அந்தப் பெட்டிக்குள் நடக்கிறது.

வித்தியாசம் உண்டாக்குவது பெட்டிக்குள்ளேயே வீசும் காற்று. மேலே உயரத்தில் ஆறுபோல ஓடும் காற்றுகள் உண்டு. டோக்கியோ பக்கம் அது மேற்கிலிருந்து கிழக்காக, குளிர்காலத்தில் மிகப் பலமாக ஓடும். அதனால் டோக்கியோவுக்குப் போவதைவிடத் திரும்பி வர நேரம் கூடுதல். இதை வைத்துக் கிழக்கே போவது எப்போதும் வேகம், மேற்கே போவது எப்போதும் தாமதம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் வழிக்கு அது பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. கோட்டேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிவியலாளர் 1958இல் இதைப் பற்றி எழுதினார். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே. இருந்தாலும் அதன் அடிப்பகுதி நம் விமானங்களுக்குப் படும். அந்த மாதங்களில் சென்னைக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், போக இரண்டு மணி 57 நிமிடம், வர மூன்று மணி 20 நிமிடம். ஏற்றமும் இறக்கமும் தனி. சூறைக்காற்று போலப் பெரிதாகச் சொன்னாலும் வித்தியாசம் 23 நிமிடம்தான்.

தேதி விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. எங்கள் மாமா ஒருவருக்கு 15ஆம் தேதி 00.30க்கு டிக்கெட். 15ஆம் தேதி பகல் முழுக்கத் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, இரவு பத்து மணிக்குப் பெட்டியோடு மீனம்பாக்கம் போய் நின்றார். அவருடைய விமானம் ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரத்துக்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தது. புது டிக்கெட் வாங்கித்தான் வந்தார். 15ஆம் தேதி 00.30 என்றால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். டிக்கெட்டில் மணி 00 என்றோ 01 என்றோ தொடங்கினால், "முந்தின நாள் ராத்திரி" என்று பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்துவிடுவது என் வழக்கம். வருகை நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால், மறுநாள் வந்து சேரும் என்று பொருள். அழைக்க வருபவருக்கு அந்தத் தேதியைச் சொல்ல வேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்பது வேறு கணக்கு. கே.எல். சென்ட்ரலிலிருந்து விமான நிலைய ரயில் இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். மூன்று மணி நேரம் முன்னதாகப் போகிறோம், நான்கு மணி நேரம் விமானம், இறங்கி வெளியே வர ஒரு மணி நேரம். இவையே எட்டரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். அதே கே.எல். சென்ட்ரலில் பட்டர்வொர்த் ரயில் ஏறினால், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பினாங்குக்கு எதிர்க்கரையில் இறங்கலாம். பெரியம்மாவுக்கு இந்த ஒப்பீடுதான் பளிச்சென்று பட்டது. பட்டர்வொர்த் ரயிலில் உட்காரும் நேரம்தான் விமானத்திலும் உட்காரப் போகிறேன், அப்படித்தானே என்றார். அப்படித்தான்.

கிளம்பும் நாள் கைக்கடிகாரத்தை மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். மதியம் இரண்டு மணிக்கு என் கைப்பேசி அடித்தது. பின்னால் மீனம்பாக்கத்து ஆட்டோ இரைச்சல்.

"வெளிய வந்துட்டேன். இங்க மணி பதினொன்றரை. ஒங்கிட்ட ரெண்டா இருக்கணுமே. மத்தியானச் சாப்பாடு ஆச்சா?"